சிஸ்மான்: விண்டோஸ் சர்வீஸ்களில் கைவைப்பவரைக் கண்டறிய எந்த அளவுக்கு உதவுகிறது?

விண்டோஸ் கணினிக்குள் புகுந்த ஒருவர் அங்கேயே நிலைகொள்ள விரும்பினால், அவர் கண் முதலில் செல்லும் இடங்களுள் ஒன்று சர்வீஸ்களின், அதாவது பின்னணியில் இயங்கும் நிரல்களின், பட்டியல். பயனர் எவரும் உள்நுழையாதபோதும் கணினி எழுந்தவுடன் சர்வீஸ்கள் தாமாகவே இயங்கத் தொடங்குகின்றன. அவற்றில் பல சிஸ்டம் கணக்கின் முழு அதிகாரத்துடன் இயங்குகின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள் வரிசையாக நிற்கும் அந்தப் பட்டியலில் ஒரு பெயர் கூடியிருப்பதையோ, பழைய பெயரொன்றின் பின்னால் வேறொரு நிரல் அமர்ந்திருப்பதையோ அன்றாட வேலைக்கு நடுவே யாரும் கவனிப்பதில்லை. பாதுகாப்பு மென்பொருள்களும் சர்வீஸ்களாகவே இயங்குவதால், அவற்றை முடக்க நினைப்பவரும் இதே கதவைத்தான் தட்டுகிறார். ஆகவே இந்த ஓரிடத்தை நன்றாகக் கண்காணித்தாலே தாக்குதலின் பல கட்டங்களை முன்கூட்டியே பிடித்துவிட முடியும்.

இந்த வேலைக்கு மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் கட்டணமின்றிக் கிடைக்கும் சிஸ்மான் எந்த அளவுக்குப் பயன்படுகிறது என்பதை மட்டும் இந்த மதிப்பீடு எடுத்துக்கொள்கிறது. சிஸ்மானுக்கு வேறு பல திறன்கள் உண்டு; வலைத்தொடர்பு, டிஎன்எஸ் வினவல், கோப்பு உருவாக்கம் ஆகியவற்றையும் அது பதிகிறது. அவற்றை இங்கே தொடப்போவதில்லை. சர்வீஸில் யாரோ கைவைத்தார் என்றால் சிஸ்மான் அதைச் சொல்லுமா, சொன்னால் விசாரணைக்குப் போதுமான அளவில் சொல்லுமா, விண்டோஸிலேயே இருக்கும் நிகழ்வுப் பதிவுகள் சொல்லாத எதைச் சொல்லும் என்பவையே கேள்விகள்.

மார்க் ரஸ்ஸினோவிச்சும் தாமஸ் கார்னியேயும் உருவாக்கிய சிஸ்மான் 2014-ஆம் ஆண்டு வெளிவந்தது. ஒரு டிரைவரும் (விண்டோஸின் உள்மட்டத்தில் இயங்கும் நிரல்) ஒரு சர்வீஸும் சேர்ந்ததுதான் அதன் உடல். டிரைவர் கணினியில் நடப்பதைக் கவனிக்கிறது. சர்வீஸ் அதை விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் தனக்கென உள்ள பகுதியில் எழுதுகிறது. அது எச்சரிக்கை எழுப்பாது, எதையும் அலசாது, தாக்குபவரின் கண்ணிலிருந்து ஒளிந்துகொள்ளவும் முயலாது. இதை அதன் ஆவணமே வெளிப்படையாகச் சொல்கிறது. எனவே நிறுவியவுடன் பாதுகாப்பு கூடிவிடும் என்று எதிர்பார்ப்பவருக்கு இது ஏற்ற கருவி அல்ல. பதிவுகளைப் படிக்கவும் விதிகள் எழுதவும் ஆள் இருக்கும் இடத்தில்தான் இதன் மதிப்பு வெளிப்படும்.

சிஸ்மானை எடைபோடுமுன், அது இல்லாமலே விண்டோஸ் என்ன தருகிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். சிஸ்டம் பதிவில், சர்வீஸ்களை நிர்வகிக்கும் சர்வீஸ் கண்ட்ரோல் மேனேஜர் எழுதும் 7045 என்னும் நிகழ்வு, புதிய சர்வீஸ் ஒன்று நிறுவப்பட்டதைத் தெரிவிக்கிறது. அதன் பெயர், அது இயக்கும் கோப்பின் பாதை, அதன் வகை, தொடங்கும் விதம், இயங்கும் கணக்கு ஆகிய ஐந்தும் அதில் இருக்கும். எந்த அமைப்பையும் மாற்றாமலே இது கிடைக்கிறது என்பது பெரிய வசதி. 2017-ஆம் ஆண்டு மே மாதம் பரவிய வன்னாகிரை என்னும் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்) தன்னை "மைக்ரோசாஃப்ட் செக்யூரிட்டி சென்டர் (2.0) சர்வீஸ்" என்ற பெயரில் நிறுவிக்கொண்டது. அதிகாரபூர்வமானதுபோல் ஒலிக்கும் அந்தப் பெயரும் அதன் கோப்புப் பாதையும் இந்த ஒரே நிகழ்வில் அகப்படக்கூடியவை. தொலைவிலிருந்து கட்டளை இயக்கும் பிஎஸ்எக்ஸெக் போன்ற கருவிகளும் எதிர்முனையில் ஒரு சர்வீஸை நிறுவித்தான் வேலை செய்கின்றன. வேலை முடிந்ததும் அதை நீக்கிவிட்டாலும் 7045 பதிவில் நின்றுவிடும்.

இந்த நிகழ்வைப் படிக்கும்போது பெயரைவிடப் பாதையில்தான் கண் நிற்க வேண்டும் என்பது என் கருத்து. சர்வீஸின் கோப்புப் பாதையில் கட்டளைச் சாளரமோ, கட்டளைகளை இயக்கும் இன்னொரு நிரலான பவர்ஷெல்லோ இருந்தால், அது நேர்மையான மென்பொருளின் வழக்கமன்று. மெட்டாஸ்ப்ளாய்ட் போன்ற ஊடுருவல் கருவிகள் நிர்வாகி நிலையிலிருந்து சிஸ்டம் நிலைக்கு ஏறும்போது, கட்டளைச் சாளரம் வழியாக ஒரு பைப்புக்கு (நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வழி) சொல் ஒன்றை அனுப்பும் சர்வீஸை ஒருகணம் உருவாக்குகின்றன. அந்தக் கட்டளை முழுவதும் 7045-இல் அப்படியே தெரியும். இன்னொரு துணைச் சான்றும் உண்டு. கட்டளைச் சாளரம் உண்மையான சர்வீஸ் அல்ல. சர்வீஸ் கண்ட்ரோல் மேனேஜர் எதிர்பார்க்கும் மறுமொழியை அது தருவதில்லை. ஆகவே 30,000 மில்லிவினாடி காத்திருந்தும் மறுமொழி வரவில்லை என்று 7009 நிகழ்வும், சர்வீஸ் தொடங்கவில்லை என்று 7000 நிகழ்வும் பின்தொடர்வது வழக்கம். 7045 வந்து, அதே சர்வீஸ் பெயரில் 7009-உம் 7000-உம் வந்தால், கட்டளை நிறைவேறிவிட்டது என்றே கொண்டு விசாரிப்பது நல்லது. சர்வீஸ் தோற்றுவிட்டது என்று பதிவு சொன்னாலும் தாக்குபவரின் வேலை அதற்குள் முடிந்திருக்கும்.

செக்யூரிட்டி பதிவில் வரும் 4697 நிகழ்வும் புதிய சர்வீஸைத்தான் சொல்கிறது. ஆனால் அதை நாமே இயக்கிவைக்க வேண்டும். தணிக்கைக் கொள்கையில் செக்யூரிட்டி சிஸ்டம் எக்ஸ்டென்ஷன் என்னும் உட்பிரிவின் கீழ் அது இருக்கிறது. நிறுவியவரின் கணக்கோடு அவரது உள்நுழைவு அடையாள எண்ணும் அதில் வருவதால், 4624 என்னும் உள்நுழைவு நிகழ்வோடு இணைத்து அவர் எந்தக் கணினியிலிருந்து வந்தார் என்பது வரை செல்ல முடியும். சிஸ்மானை நிறுவப் போகிறவர்கள் இதை இயக்காமல் விடுவது பெரிய இழப்பு என்பேன்.

இவ்வளவும் கையில் இருக்கும்போது சிஸ்மான் எதற்கு? மேலே சொன்ன இரண்டு நிகழ்வுகளும் புதிய சர்வீஸ்களைப் பற்றியவை மட்டுமே. ஏற்கெனவே இருக்கும் சர்வீஸின் கோப்புப் பாதையை சர்வீஸ்களை நிர்வகிக்கும் எஸ்சி கட்டளையால் மாற்றினால் 7045 வராது, 4697-உம் வராது. தொடங்கும் விதம் மாறினால் 7040 வரும். ஆனால் பாதை மாறினால் அதுவும் வராது. வாசலில் நிற்கும் காவலர் புதிதாக வருகிறவர்களின் பெயரை மட்டும் ஏட்டில் எழுதிக்கொண்டு, உள்ளே இருந்தவரின் இடத்தில் வேறொருவர் வந்து அமர்ந்ததைக் கவனிக்காமல் விடுவது போன்ற நிலை இது. தாக்குபவர்கள் இதை நன்கு அறிவார்கள். பயன்பாட்டில் இல்லாத பழைய சர்வீஸ் ஒன்றைத் தேர்ந்து, அதன் பாதையைத் தங்கள் நிரலுக்குத் திருப்பி, ஒருமுறை தொடங்கிவிட்டு, பாதையைப் பழையபடியே திருத்திவிட்டால் சிஸ்டம் பதிவில் அந்த மாற்றத்தின் சுவடே இராது.

பாதையைத் தொடாமலும் இதைச் செய்யலாம். விண்டோஸின் பல சர்வீஸ்கள் எஸ்விசிஹோஸ்ட் என்னும் பொது நிரலுக்குள் டிஎல்எல் எனப்படும் நிரல்நூலகக் கோப்புகளாக இயங்குகின்றன. எந்த டிஎல்எல் என்பதை, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் சர்வீஸின் பாராமீட்டர்ஸ் பகுதியில் உள்ள சர்வீஸ்டிஎல்எல் மதிப்பு தீர்மானிக்கிறது. அதை மாற்றிவிட்டால் வெளியே தெரியும் கோப்புப் பாதை எஸ்விசிஹோஸ்டாகவே இருக்கும், உள்ளே ஓடுவது வேறாக இருக்கும். சர்வீஸ் விழுந்தால் எந்தக் கட்டளையை இயக்குவது என்று குறிக்கும் ஃபெயிலியர்கமாண்ட் மதிப்பும் இப்படிப் பயன்படக்கூடியதே. இவை எவற்றுக்கும் விண்டோஸின் இயல்பான பதிவுகளில் தனி நிகழ்வு கிடையாது.

இவற்றுக்கும் மேலான ஒரு வழி, சர்வீஸ் கண்ட்ரோல் மேனேஜரை அணுகாமலே ரெஜிஸ்ட்ரியில் நேரடியாக எழுதிவிடுவது. 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிச்சத்துக்கு வந்த சன்பர்ஸ்ட் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சோலார்விண்ட்ஸ் ஓரியன் மென்பொருளின் புதுப்பிப்போடு வந்த அந்தப் பின்கதவு, கணினியில் குறிப்பிட்ட பாதுகாப்பு சர்வீஸ்கள் இருக்கின்றனவா என்று பார்த்து, இருந்தால் அவற்றின் ரெஜிஸ்ட்ரிப் பகுதியில் ஸ்டார்ட் என்னும் மதிப்பை 4 ஆக்கியது. 2 என்றால் தானாகத் தொடங்கும், 3 என்றால் கேட்டால் தொடங்கும், 4 என்றால் முடக்கப்பட்டது. அந்த நொடியில் எதுவும் நிற்காது. அடுத்த முறை கணினி எழும்போது அந்தச் சர்வீஸ் எழாது. 7040 என்பது சர்வீஸ் கண்ட்ரோல் மேனேஜர் தன் கையால் செய்த மாற்றத்துக்கு எழுதும் குறிப்பு. அதைச் சுற்றிக்கொண்டு போனவரைப் பற்றி அது எதுவும் எழுதாது.

சிஸ்மானின் உண்மையான பலம் இங்கேதான் தெரிகிறது. சர்வீஸின் எல்லா அமைப்புகளும் முடிவில் ரெஜிஸ்ட்ரியில்தான் போய்ச் சேருகின்றன. எந்த வழியில் வந்தாலும் அங்கே எழுதியாக வேண்டும். சிஸ்மானின் 13-ஆம் நிகழ்வு ரெஜிஸ்ட்ரியில் மதிப்பு எழுதப்படுவதையும், 12-ஆம் நிகழ்வு பகுதிகள் உருவாவதையும் நீக்கப்படுவதையும், 14-ஆம் நிகழ்வு பெயர் மாற்றப்படுவதையும் பதிகின்றன. பாதை மாறினாலும், டிஎல்எல் மாறினாலும், ஸ்டார்ட் மதிப்பு 4 ஆனாலும், எழுதப்பட்ட புதிய மதிப்போடும் நேரத்தோடும் எழுதிய நிரலின் முழுப் பாதையோடும் 13-ஆம் நிகழ்வு வருகிறது. வேலை முடிந்ததும் பாதையைப் பழையபடி மாற்றினால், அந்த இரண்டாம் எழுத்தும் சேர்ந்தே பதிவாகிறது. குறுகிய இடைவெளியில் ஒரே சர்வீஸின் பாதை இருமுறை மாறியது என்பதே வலுவான தடயமாகிவிடுகிறது. சர்வீஸை நீக்குவதற்கென சிஸ்டம் பதிவில் தனி நிகழ்வு இல்லாத குறையையும் 12-ஆம் நிகழ்வு ஈடுசெய்கிறது.

ஆனால் இந்த நிகழ்வைப் படிப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் விதி எழுதினால் தவறான முடிவுக்கு வர நேரும். எஸ்சி கட்டளையாலோ, தொலைவிலிருந்து வரும் கோரிக்கையாலோ ஒரு சர்வீஸ் மாற்றப்படும்போது, ரெஜிஸ்ட்ரியில் உண்மையில் எழுதுவது சர்வீஸ் கண்ட்ரோல் மேனேஜராகிய சர்வீசஸ் நிரல். ஆகவே சிஸ்மான் காட்டும் எழுதியவர் பெயரும் அதுவாகவே இருக்கும். கேட்டவர் யார் என்பது அந்த நிகழ்வில் இராது. அதே கணினியில் செய்யப்பட்டிருந்தால், சற்று முன் வந்த 1-ஆம் நிகழ்வில், அதாவது புதிய செயல்முறை தொடங்கியதைச் சொல்லும் நிகழ்வில், எஸ்சி கட்டளையின் முழு வரியும் அதை இயக்கிய கணக்கும் தாய்ச் செயல்முறையும் இருக்கும். தொலைவிலிருந்து வந்திருந்தால் அப்படியொரு நிகழ்வே இங்கே இராது. செக்யூரிட்டி பதிவில் 4624-ஐயும், கோப்புப் பகிர்வின் விரிவான தணிக்கை இயக்கப்பட்டிருந்தால் 5145-இல் சர்வீஸ் கண்ட்ரோல் மேனேஜரின் எஸ்விசிசிடிஎல் என்னும் பைப்புக்கு வந்த அணுகலையும் நேரத்தை வைத்துப் பொருத்திப் பார்க்க வேண்டியிருக்கும். ஆக, யார் என்ற கேள்விக்குச் சிஸ்மான் தனியாக விடை தருவதில்லை.

இந்தக் குறையே ஒரு விதத்தில் நல்ல வடிகட்டியாகவும் பயன்படுகிறது. பாதை, டிஎல்எல், ஸ்டார்ட் ஆகிய மதிப்புகளை எழுதியது சர்வீசஸ் நிரல் அல்லாத வேறொன்று என்றால், அதாவது ரெஜிஸ்ட்ரியை நேரடியாக மாற்றும் ரெஜ் கட்டளை, பவர்ஷெல் அல்லது முன்பின் தெரியாத ஒரு நிரல் என்றால், மேனேஜரைச் சுற்றிக்கொண்டு யாரோ போயிருக்கிறார் என்று பொருள். மென்பொருள் நிறுவிகளும் விண்டோஸ் புதுப்பிப்பும் சில நேரங்களில் இப்படி எழுதுவதுண்டு. அவற்றைத் தெரிந்த பாதைகளாக விலக்கிவிட்டால் எஞ்சுவது மிகக் குறைவு. சன்பர்ஸ்ட் வகைச் செயலைப் பிடிக்க நான் முதலில் பரிந்துரைப்பது இந்த விதியைத்தான்.

சிஸ்மானின் ரெஜிஸ்ட்ரிப் பதிவுகளில் இரண்டு குறைகள் எனக்கு உறுத்தலாகவே இருக்கின்றன. முதலாவது, அது புதிய மதிப்பை மட்டும் தருகிறது, பழைய மதிப்பைத் தருவதில்லை. பாதை இப்போது எங்கே செல்கிறது என்று தெரியும். முன்பு எங்கே சென்றது என்பதை வேறொரு கணினியையோ காப்பு நகலையோ பார்த்துத்தான் அறிய வேண்டும். விண்டோஸின் சொந்த 4657 நிகழ்வு பழையது, புதியது இரண்டையும் தருகிறது என்பதை நினைத்தால் இந்தக் குறை இன்னும் பெரிதாகத் தெரியும். ஆனால் 4657 வேண்டுமென்றால் ரெஜிஸ்ட்ரித் தணிக்கையை இயக்கி, கண்காணிக்க வேண்டிய ஒவ்வொரு பகுதிக்கும் தணிக்கை உரிமையைத் தனியே அமைக்க வேண்டும். எல்லாக் கணினிகளிலும் அதைப் பராமரிப்பது கடினம். மிக முக்கியமான சில சர்வீஸ்களுக்கு மட்டும் 4657-ஐயும், மற்ற எல்லாவற்றுக்கும் சிஸ்மானையும் வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும் ஏற்பாடு.

இரண்டாவது குறை பைனரி மதிப்புகளைப் பற்றியது. எஸ்சி கட்டளையின் எஸ்டிசெட் என்னும் துணைக்கட்டளையால் ஒரு சர்வீஸின் அணுகல் உரிமைகளை மாற்றி, நிர்வாகி பட்டியலைக் கேட்டாலும் அந்தச் சர்வீஸ் தெரியாதபடி மறைத்துவிட முடியும். சர்வீஸ் இயங்கிக்கொண்டே இருக்கும். சர்வீஸஸ் சாளரத்திலும் இராது, எஸ்சி பட்டியலிலும் இராது. இந்த மாற்றம் ரெஜிஸ்ட்ரியில் சர்வீஸின் செக்யூரிட்டி பகுதியில் பைனரியாக எழுதப்படுகிறது. சிஸ்மான் அந்த எழுத்தைப் பிடிக்கிறது. ஆனால் உள்ளே என்ன எழுதப்பட்டது என்று சொல்லாமல், பைனரி தரவு என்று மட்டும் குறித்துவிட்டு நின்றுவிடுகிறது. மறைப்பா, நியாயமான உரிமைத் திருத்தமா என்பதை 1-ஆம் நிகழ்வின் கட்டளை வரியில்தான் பார்க்க வேண்டும். இந்தத் துணைக்கட்டளையை அன்றாட நிர்வாகத்தில் யாரும் அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை என்பதால், அது கட்டளை வரியில் தோன்றினாலே எச்சரிக்கை எழுப்புவது பொருத்தமாக இருக்கும்.

டிரைவர்களையும் இங்கே சேர்த்துப் பேச வேண்டும், ஏனெனில் விண்டோஸில் டிரைவரும் ஒரு சர்வீஸாகத்தான் பதிவாகிறது. 7045-இல் சர்வீஸ் வகை கெர்னல் மோட் டிரைவர் என்று இருந்தால் அதைத் தனி வரிசையில் வைத்துப் பார்ப்பது நல்லது. சிஸ்மானின் 6-ஆம் நிகழ்வு டிரைவர் ஏற்றப்பட்டபோது அதன் ஹாஷையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளம்), கையொப்பமிட்டவர் பெயரையும், கையொப்பம் செல்லுமா என்பதையும் தருகிறது. கையொப்பம் செல்லும் என்பதை மட்டும் நம்பிவிடக் கூடாது. 2010-இல் கண்டறியப்பட்ட ஸ்டக்ஸ்நெட்டின் டிரைவர்கள் ரியல்டெக் நிறுவனத்திடமிருந்து திருடப்பட்ட சான்றிதழால் கையொப்பமிடப்பட்டிருந்தன. திருட்டுகூடத் தேவையில்லை என்பதை 2022-இல் பிளாக்பைட் கும்பல் காட்டியது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளோடு வரும் ஆர்டிகோர்64 என்னும், முறையாகக் கையொப்பமிடப்பட்ட ஆனால் பிழையுள்ள டிரைவரைக் கொண்டுவந்து நிறுவி, அதன் வழியாகப் பாதுகாப்பு மென்பொருள்களின் கண்ணைக் கட்டினார்கள். ஆகவே 6-ஆம் நிகழ்வில் பயனுள்ள தகவல் ஹாஷ்தான். தெரிந்த பிழையுள்ள டிரைவர்களின் ஹாஷ் பட்டியலோடு அதை ஒப்பிட்டால், டிரைவரின் பெயரை மாற்றிக் கொண்டுவந்தாலும் அகப்படும்.

இவ்வளவு திறனும், எதைப் பதிய வேண்டும் என்று சிஸ்மானுக்குச் சொல்லும் கான்ஃபிக் கோப்பு சரியாக இருந்தால் மட்டுமே கிடைக்கும். கான்ஃபிக் இல்லாமல் இயல்பான நிலையில் சிஸ்மானை நிறுவினால் செயல்முறை, டிரைவர் போன்ற சிலவற்றைப் பதியுமே தவிர, ரெஜிஸ்ட்ரி நிகழ்வுகளைப் பதியாது. இந்த மதிப்பீட்டில் நான் புகழ்ந்த பகுதி முழுவதும் இயல்பு நிலையில் அணைந்தே இருக்கிறது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்விஃப்ட்ஆன்செக்யூரிட்டி என்ற பெயரில் பொதுவில் கிடைக்கும் கான்ஃபிக், சிஸ்மான் மாடுலர் என்னும் தொகுப்பு ஆகிய இரண்டும் நல்ல தொடக்கங்கள். எதை எடுத்தாலும், பாதை, சர்வீஸ்டிஎல்எல், ஸ்டார்ட், ஃபெயிலியர்கமாண்ட், செக்யூரிட்டி ஆகிய மதிப்புகள் சேர்க்கும் விதிகளில் உள்ளனவா என்று தேடிப் பாருங்கள். சேர்க்கும் விதியும் விலக்கும் விதியும் ஒரே நிகழ்வில் மோதினால் விலக்கும் விதியே வெல்லும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இரைச்சலைக் குறைக்க அவசரமாகச் சேர்த்த அகலமான விலக்கு ஒன்று, தாக்குபவருக்கு முழுப் பாதையையும் திறந்துவிடக்கூடும். கான்ஃபிக் ரெஜிஸ்ட்ரியில் சேமிக்கப்பட்டிருப்பதால், நிர்வாகி உரிமை பெற்ற தாக்குபவர் அதைப் படித்து எந்த இடம் விலக்கப்பட்டிருக்கிறது என்று அறிந்துகொள்ளவும் முடியும்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டால் இந்த அவசரம் தேவைப்படாது. 7040-ஐ எடுத்துக்கொண்டால், பிட்ஸ் என்னும் பின்னணித் தரவு மாற்றச் சர்வீஸின் தொடங்கும் விதம் தானாகத் தொடங்குவதிலிருந்து கேட்டால் தொடங்குவதற்கும், பிறகு திரும்பவும் மாறிக்கொண்டே இருப்பது இயல்பு. விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலரும் அப்படித்தான். இவற்றின் பெயரை மட்டும் வைத்து விலக்காமல், முடக்கப்பட்டது என்ற நிலைக்குப் போகாத மாற்றங்களை மட்டும் விலக்குவது பாதுகாப்பானது. ஏனெனில் பிட்ஸ் முடக்கப்பட்டால் அது கவனிக்க வேண்டிய செய்தி. 7045-இல், விண்டோஸோடு வரும் பாதுகாப்பு மென்பொருளான டிஃபெண்டர் தன் வரையறைப் புதுப்பிப்புகளோடு நிறுவும், எம்பிகேஎஸ்எல் என்று தொடங்கிக் குலைந்த எழுத்துகளில் முடியும் டிரைவர்கள் தென்படுவதுண்டு. பயனருக்கெனத் தனியே உருவாகும் சர்வீஸ்கள் பெயரின் இறுதியில் அடிக்கோடும் பொருளற்ற எழுத்துகளும் கொண்டிருக்கும். பெயர் குலைந்த எழுத்துகளாக இருந்தால் சந்தேகப்படு என்ற விதி எவ்வளவு இயல்பாகத் தோன்றினாலும், அது தனியாக நிற்காது என்பதற்கு இவையே காரணம். பெயரோடு பாதையையும் தொடங்கும் விதத்தையும் சேர்த்துப் பார்க்கும் விதியே தாங்கும்.

மாற்றாமல் வெறுமனே நிறுத்தும் செயலும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. ரான்சம்வேர் கும்பல்கள் கோப்புகளைப் பூட்டுமுன் காப்பு நகல் மென்பொருள், தரவுத்தளம், நிழற்படி சர்வீஸ் ஆகியவற்றை வரிசையாக நிறுத்துகின்றன. சிஸ்டம் பதிவின் 7036 நிறுத்தத்தைச் சொல்லும், நிறுத்தியவரைச் சொல்லாது. சிஸ்மானின் 1-ஆம் நிகழ்வு அந்த இடத்தை நிரப்புகிறது. நெட் கட்டளையால் நிறுத்தும்போது அது நெட்1 என்னும் இன்னொரு நிரலை அழைப்பதால் ஒரு நிறுத்தத்துக்கு இரண்டு நிகழ்வுகள் வரும். எண்ணிக்கையை வைத்து எச்சரிக்கை அமைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். டிஃபெண்டரைப் பொறுத்தவரை சிஸ்மானைவிட அதன் சொந்தப் பதிவே தெளிவானது. 5001 நிகழ்நேரப் பாதுகாப்பு அணைக்கப்பட்டதையும், 5007 அமைப்பு மாறியதையும், 5013 மாற்ற முயன்றது தடுக்கப்பட்டதையும் சொல்கின்றன. இவற்றுள் 5013-ஐப் பலர் தடுத்தாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். தடுக்கப்பட்ட முயற்சி என்பது தாக்குபவர் இன்னும் உள்ளே இருக்கிறார் என்பதற்கான சான்று.

எஞ்சியிருப்பது சிஸ்மானின் சொந்தப் பாதுகாப்பு. அதுவும் ஒரு சர்வீஸ், ஒரு டிரைவர். ஆகவே மேலே சொன்ன எல்லா வழிகளும் அதன் மீதும் பாயும். 2023-இல் வந்த 15-ஆம் பதிப்பு முதல் அதன் சர்வீஸ் பாதுகாக்கப்பட்ட செயல்முறையாக இயங்குவதால், அதைச் சாதாரணமாகக் கொன்றுவிட முடிவதில்லை. இது வரவேற்கத்தக்க முன்னேற்றம், பழைய பதிப்பில் இருப்பவர்கள் இதற்காகவே மேம்படுத்தலாம். சர்வீஸின் நிலை மாறினால் 4-ஆம் நிகழ்வும், கான்ஃபிக் மாறினால் 16-ஆம் நிகழ்வும், உள்ளே பிழை நேர்ந்தால் 255-உம் வருகின்றன. நாம் மாற்றாத நேரத்தில் வரும் 16-க்கு உயர்ந்த முன்னுரிமை கொடுக்க வேண்டும். நிர்வாகி உரிமை பெற்ற ஒருவர் வடிகட்டி டிரைவர்களை இறக்கும் எஃப்எல்டிஎம்சி கட்டளையால் சிஸ்மான் டிரைவரை இறக்கிவிட்டால், சர்வீஸ் இயங்குவதுபோலவே தெரியும், நிகழ்வுகள் மட்டும் வராது. அந்தக் கட்டளை தொடங்கிய 1-ஆம் நிகழ்வே பெரும்பாலும் சிஸ்மான் எழுதும் கடைசிச் செய்திகளுள் ஒன்றாக இருக்கும். சர்வீஸ் டிரைவரோடு பேச முடியாமல் போனதை 255 சொல்லும்.

சிஸ்மானைத் தொடாமல் நிகழ்வுப் பதிவுச் சர்வீஸையே தாக்குகிறவர்களும் உண்டு. செக்யூரிட்டி பதிவை அழித்தால் 1102 வரும். சிஸ்டம் பதிவை அழித்தால் 104 வரும். ஆனால் அழிக்காமல், பதிவுச் சர்வீஸின் இழைகளை, அதாவது அதற்குள் வேலை செய்யும் பகுதிகளை, மட்டும் கொன்றுவிடும் கருவிகள் பொதுவிலேயே உள்ளன. அப்போது சர்வீஸ் இயங்கும் நிலையில் இருக்கும், எதுவும் எழுதப்படாது, அழித்ததற்கான நிகழ்வும் வராது. இந்த நிலைமையில் எந்த நிகழ்வு எண்ணும் உதவாது. நிகழ்வுகள் வராமல் போனதையே நிகழ்வாகக் கொள்ள வேண்டும். அதற்குப் பதிவுகள் வேறொரு கணினிக்கு உடனுக்குடன் சென்றுகொண்டிருக்க வேண்டும். விண்டோஸின் சொந்த நிகழ்வு அனுப்பும் வசதியே இதற்குப் போதும். தனிச் செலவு இல்லை. ஒவ்வொரு கணினியிலிருந்தும் வழக்கமாக எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை ஏதேனும் வருகிறது என்று அறிந்து, அதைத் தாண்டிய அமைதிக்கு எச்சரிக்கை வைக்கலாம். ஒவ்வொரு பதிவிலும் நிகழ்வுகளுக்கு வரிசை எண் இருப்பதால், நடுவில் எண் விட்டுப்போயிருந்தால் அதுவும் விசாரிக்கத் தக்கது. கணினியிலேயே தங்கும் பதிவுகளை நம்புவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது: சிஸ்டம் பதிவின் இயல்பான அளவு 20 எம்பி மட்டுமே, நிறைந்தால் பழையவை மேலெழுதப்படும். ரெஜிஸ்ட்ரி நிகழ்வுகளைத் திறந்துவிட்டால் சிஸ்மானின் பதிவும் வேகமாக நிறையும். தாக்குதல் சில வாரங்களுக்குப் பிறகே தெரியவரும் நிலையில், தேவையான நிகழ்வு அதற்குள் கரைந்து போயிருக்கும்.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன்? பதிவுகளை ஓரிடத்தில் சேர்த்து, வாரத்துக்கு ஒருமுறையாவது விதிகளைத் திருத்தும் ஆள் இருக்கும் எந்த நிறுவனத்துக்கும் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். சர்வீஸின் அமைப்பு மாறுவதைப் பிடிப்பதில், கட்டணமில்லாக் கருவிகளில் இதற்கு இணையாக வேறொன்றை நான் கண்டதில்லை. பதிவுகளைச் சேர்க்கும் வசதி இன்னும் இல்லாத இடத்தில் சிஸ்மானை இரண்டாவதாக வைத்துக்கொண்டு, முதலில் 4697-ஐ இயக்கி, 7045-ஐயும் 1102-ஐயும் வெளியே அனுப்பத் தொடங்குவது மேல். சிஸ்மான் வந்த பிறகும் அந்த மூன்றையும் நிறுத்தக் கூடாது. சிஸ்மானை முடக்கிய தாக்குபவர் அவற்றையும் தனியே முடக்க வேண்டியிருக்கும்.

நிறுவிய பின் சோதித்துப் பார்க்காமல் விடாதீர்கள். சோதனைக் கணினி ஒன்றில், பயன்பாட்டில் இல்லாத சர்வீஸ் ஒன்றின் பாதையை எஸ்சி கட்டளையால் ஒருமுறையும், ரெஜ் கட்டளையால் ஒருமுறையும், தொலைவிலிருந்து ஒருமுறையும் மாற்றுங்கள். முதல் முறை சர்வீசஸ் நிரல் பெயரோடு 13-உம் எஸ்சி கட்டளை வரியோடு 1-உம் வர வேண்டும். இரண்டாம் முறை ரெஜ் நிரலின் பெயரோடு 13 வர வேண்டும். மூன்றாம் முறை 13-உம், அதே நேரத்தில் 4624-உம் வர வேண்டும். மூன்றும் மையக் கணினியில் வந்து சேர்ந்தனவா என்பதை அங்கேயே போய்ப் பாருங்கள், சோதனைக் கணினியின் ஈவென்ட் வியூவரில் தெரிவதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.